முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டு: சேர்வதற்கு முன்பிருந்து ஆய்வுத் திட்டம் ஏற்கப்படும் வரை

முதுகலை முடிக்கும் வரை நாம் படித்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பாடத்திட்டம் இருந்தது. அதற்குள் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. முனைவர் பட்ட ஆய்வில் வினாவையே நாம்தான் கண்டடைய வேண்டும். அது கிடைக்கும் வரை நம் கையில் இருப்பது ஒரு தலைப்பு மட்டுமே. அந்தத் தலைப்பை வினாவாக மாற்றுவதுதான் முதல் ஆண்டின் வேலை என்று சேரும்போதே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், என் ஆய்வில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் மிச்சமாகியிருக்கும். அதைச் சொல்வதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

நான் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்தவன். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை யார் பராமரித்தார்கள், அந்தப் பொறுப்பு எவ்வாறு கைமாறியது என்பது என் ஆய்வுப் பொருள். ஆகவே என் எடுத்துக்காட்டுகள் ஆவணக் காப்பகத்திலிருந்தும் களத்திலிருந்தும் வருபவை. ஆய்வகத்தில் வேலை செய்யும் அறிவியல் மாணவர்களின் அன்றாடம் வேறாக இருக்கும். ஆனால் விதிகளும், நெறியாளருடனான உறவும், வினாவைத் தேடிப் படும் பாடும் எல்லாத் துறையினருக்கும் பொதுவானவை. இங்கே கூறும் விதிகளுக்கு அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறை விதிகள். அவற்றின் மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சொந்த விதிகளையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே நீங்கள் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் விதிநூலை நீங்களே முழுவதும் படித்துவிட வேண்டும். மூத்த மாணவர் சொல்லும் செவிவழிச் செய்தியை நம்பி இருந்துவிடக் கூடாது.

படி 1: எதற்காகச் சேர்கிறோம் என்று தெளிவது

உதவிப் பேராசிரியர் வேலைக்காகத்தான் முனைவர் பட்டம் என்று எண்ணுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜூலை 1 முதல், அந்தப் பணிக்கான குறைந்தபட்சத் தகுதி நெட், செட் போன்ற தகுதித் தேர்வுகளில் தேர்ச்சி பெறுவதுதான். முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. பணித்தேர்விலும் பதவி உயர்விலும் அதற்கு மதிப்பு உண்டு என்பது உண்மை. ஆனாலும் வேலை ஒன்றையே குறியாகக் கொண்டவர்கள் முதலில் தகுதித் தேர்வை முடித்துவிடுவது நல்லது. ஒரு பொருளைப் பற்றி மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை தொடர்ந்து எண்ணிக்கொண்டிருக்க மனம் ஒப்புகிறதா என்பதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முதுகலையில் எழுதிய ஆய்வேட்டின் நாட்களை நினைத்துப் பாருங்கள். அதை எழுதி முடித்த பின்னும் அதைப் பற்றிய ஐயங்கள் உங்களை விடாமல் இருந்தனவா? இருந்தன என்றால் அது நல்ல அடையாளம்.

கால அளவையும் தெரிந்துகொண்டு சேருங்கள். குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. ஆக அவர்களுக்கு உச்ச வரம்பு 10 ஆண்டுகள். மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாகப் பெண் ஆய்வாளர்கள் ஆய்வுக் காலத்தில் 240 நாட்கள் வரை பெறலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால், தம் ஆய்வுத் தரவுகளை வேறு கல்வி நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு தொடரவும் விதியில் இடம் இருக்கிறது. இது தெரியாமலே பாதியில் விட்டுச் சென்ற பெண்கள் இருவரை நான் அறிவேன். அதனால்தான் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகச் சேரலாம். அதற்கு வேலை செய்யும் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பாடநெறிக் காலத்தில் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள் என்பதும் அச்சான்றில் இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வி வழியாகவோ முற்றிலும் இணையவழியாகவோ முனைவர் பட்டம் பெறுவது செல்லாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி இணையவழிப் பட்டம் விற்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2022ஆம் ஆண்டிலேயே மானியக் குழு எச்சரித்தது. 2025 ஜனவரியில், விதிகளை மீறிப் பட்டம் வழங்கியதற்காக ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று தடையும் விதித்தது.

படி 2: நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளரின் இயல்புதான் உங்கள் ஆய்வு நாட்களின் நிறத்தை முடிவு செய்யும். விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 ஆய்வாளர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும். ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க இயலாது. ஆகவே நீங்கள் விரும்பும் நெறியாளரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நெறியாளர்களின் பட்டியலையும் அவர்களிடம் ஆய்வு செய்வோர் விவரங்களையும் பல்கலைக்கழகங்கள் தம் இணையதளத்தில் வெளியிட்டு வைக்க வேண்டும் என்பது விதி.

அடுத்து அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைப் படியுங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நெறியாளர் பெயரைக் கொண்டும் தேடலாம். ஒருவரிடம் உருவான மூன்று ஆய்வேடுகளின் முன்னுரையையும் முடிவுரையையும் படித்தாலே, அவர் மாணவரைச் சொந்தமாகச் சிந்திக்க விடுகிறாரா, அல்லது ஒரே அச்சில் எல்லாரையும் வார்க்கிறாரா என்பது விளங்கிவிடும்.

அதன் பிறகு அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் விடை வரும். கடைசியாகக் கொடுத்த இயலை அவர் எத்தனை நாளில் படித்துத் திருப்பிக் கொடுத்தார், திருத்தங்கள் பொருள் பற்றியவையா அல்லது எழுத்துப்பிழை மட்டுமா, ஆய்வுக்குத் தொடர்பில்லாத வேலைகளுக்கு மாணவர்களை அனுப்புகிறாரா, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நெறியாளரைப் பாதியில் மாற்றுவது விதிப்படி முடியும் என்றாலும், நடைமுறையில் அது மாதக்கணக்கில் இழுக்கும். துறைக்குள் மனக்கசப்பையும் விட்டுச்செல்லும். சேருவதற்கு முன் படும் கூச்சம் அதைவிட எளிது.

படி 3: நுழைவு

இரண்டு ஆண்டு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டு இளங்கலை முடித்து 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. எம்.ஃபில். பட்டம் 2022 விதிகளோடு முடிவுக்கு வந்துவிட்டது. அதில் சேருமாறு யாராவது சொன்னால் சேர வேண்டாம்.

2024 ஜூன் முதல் நெட் தேர்வு முடிவுகள் மூன்று பிரிவாக வருகின்றன: இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தகுதி பெறுவோர், உதவிப் பேராசிரியர் பணிக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் தகுதி பெறுவோர், சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர். பின்னிரு பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதத்தில் கணக்கிடுவார்கள்; அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும். தாமே நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களில் வினாத்தாளில் பாதி ஆய்வு நெறிமுறை, பாதி துறைப்பாடம்.

நேர்காணலில் பெரும்பாலோர் தடுமாறும் இடம், "இதில் ஏற்கெனவே யார் ஆய்வு செய்திருக்கிறார்கள்? நீங்கள் புதிதாக என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற கேள்வி. ஐந்து முன்னாய்வுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று இரண்டிரண்டு வாக்கியங்களில் விளக்கத் தெரிந்தால் போதும். "இதுவரை யாருமே தொடாத பகுதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படி ஒரு பகுதி அரிது. குழுவில் இருப்பவர் அதைத் தொட்டவராகவே இருக்கவும் கூடும்.

படி 4: பணத்தைத் திட்டமிடுவது

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டுகள் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்குத் தனித்தனித் தேசிய உதவித்தொகைகள் உள்ளன. குடும்பத்தின் ஒரே பெண் குழந்தையாக இருப்பவர்களுக்குச் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பெயரில் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசும் முழுநேர ஆய்வாளர்களுக்கு ஊக்கத்தொகைகள் வழங்குகிறது. அறிவிப்புகள் வரும் காலத்தைத் துறை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை உறுதியாகிவிட்டது என்பதற்காக மாதந்தோறும் முதல் தேதியில் வந்துவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. வருகைச் சான்று, நெறியாளர் கையெழுத்து, பதிவாளர் அலுவலக ஒப்புதல் என்று ஒவ்வொன்றும் தாமதமாகி, சில மாதத் தொகை சேர்ந்து ஒரே முறையில் வருவது வழக்கம். எனவே சேரும்போது குறைந்தது ஆறு மாத உணவு, வாடகைச் செலவுக்கு வழி இருக்க வேண்டும். வீட்டில் கடனோ தங்கையின் படிப்போ இருந்தால், முதல் மாதமே பெற்றோரிடம் அமர்ந்து, எவ்வளவு அனுப்ப முடியும், எப்போது முடியாது என்று பேசிவிடுவது இரு பக்கமும் மனவருத்தம் வராமல் காக்கும். ஆவணக் காப்பக நகல் கட்டணம், களப்பயணம், கணினி, இறுதியில் ஆய்வேட்டுக் கட்டணம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பாடநெறிக் காலம்

சேர்ந்ததும் ஓரிரு பருவங்கள் பாடநெறி இருக்கும். குறைந்தது 12 மதிப்புப் புள்ளிகள் (கிரெடிட்). ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற தாள் கட்டாயம். 55 விழுக்காடு பெற்றால்தான் தொடர முடியும். பலர் இதை ஒரு சடங்காக முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் எழுதும் ஒப்படைப்புக் கட்டுரையை உங்கள் ஆய்வுப் பொருளை ஒட்டியே எழுதுவதற்கு ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். நான் ஆய்வு நெறிமுறைத் தாளுக்கு எழுதிய வாய்மொழி வரலாறு பற்றிய 20 பக்கக் கட்டுரைதான் பின்னர் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கு முதல் வரைவானது. வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் உதவி செய்யவும் பணிக்கலாம் என்கிறது விதி. வகுப்பெடுக்கும் வாய்ப்பு வந்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் மணிக்கணக்கை எழுதி வையுங்கள்; ஆறு மணி நேரம் பதினாறாக வளர்வதை நான் கண்டிருக்கிறேன்.

படி 6: தலைப்பிலிருந்து வினாவுக்கு

இந்த வழிகாட்டியில் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

நான் சேரும்போது என் தலைப்பு "இராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்ப் பாசனம்" என்பது. இதில் ஆய்வு எதுவும் இல்லை. ஓர் ஊர்ப் பெயரும் ஒரு பொருளும் மட்டுமே இருந்தன. நீரைத் திறந்துவிடும் மடைகளைப் பற்றியும், மிகுநீர் வழிந்தோடும் கலுங்குகளைப் பற்றியும், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிகளைப் பற்றியும், ஊராரே கூடிச் செய்யும் குடிமராமத்து பற்றியும், கல்வெட்டுகளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் சேர்த்தேன். எட்டு மாதங்களில் நான்கு பெரிய கட்டு நகல்கள் சேர்ந்தன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் நெறியாளர், "இந்தக் கண்மாயில் கரை உடைந்தால் 1940இல் யார் மண்வெட்டி எடுத்துப் போனார்கள்? 1960இல் யார் போனார்கள்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அந்த நிமிடமே தலைப்பு வினாவாகிவிட்டது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன் கண்மாய் மராமத்துப் பொறுப்பு ஜமீனுக்கும் ஊராருக்கும் இடையே ஒருவகையில் பகிரப்பட்டிருந்தது. சட்டத்துக்குப் பின் அரசுத் துறைகள் பொறுப்பேற்றபோது ஊரார் செய்துவந்த பங்கு என்ன ஆனது? இந்த வினா கிடைத்த பிறகு, நான்கு கட்டு நகல்களில் மூன்று எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான் தேட வேண்டிய ஆவணங்களோ அவற்றில் இருக்கவில்லை.

உங்கள் தலைப்பை இதே வழியில் சோதித்துப் பார்க்கலாம். அதைக் கேள்விக்குறியில் முடியும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் யார், எங்கே, எந்தக் காலம் என்பவை இருக்க வேண்டும். பின்னர், இதற்கு "ஆம்" என்று விடை வந்தால் எந்தச் சான்று அதைக் காட்டும், "இல்லை" என்று வந்தால் எந்தச் சான்று அதைக் காட்டும் என்று இரண்டு பட்டியல்கள் போடுங்கள். இரண்டில் ஒன்றை நிரப்ப முடியவில்லை என்றால், விடையை முன்பே முடிவு செய்துவிட்டு அதற்குச் சான்று தேடுகிறீர்கள் என்று பொருள். இலக்கிய ஆய்வில் இது மிகுதியாக நேர்கிறது: "இன்னாருடைய படைப்புகளில் பெண்ணியம்" என்று தலைப்பு வைத்தால், பெண்ணியம் இருக்கிறது என்று முன்பே ஒப்புக்கொண்டுவிட்டோம்; எஞ்சுவது மேற்கோள் தொகுப்பு.

சான்று கிடைக்கும் இடம் நமக்கு எட்டுமா என்பதையும் வினாவை இறுதி செய்யும் முன்பே நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். என் ஆய்வையே சொல்கிறேன். பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவானது. 1985இல் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே 1910க்கு முந்தைய பதிவுகளை மதுரை மாவட்ட ஆவணங்களில் தேட வேண்டும். 1985க்கு முந்தைய சிவகங்கைப் பகுதியின் பதிவுகளை இராமநாதபுரத்தின் பெயரில் தேட வேண்டும். எல்லைகள் மாறிய வரலாற்றை அறியாமல் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அட்டவணையைப் புரட்டினால், இருக்கும் ஆவணத்தையே இல்லை என்று எழுதிவிடுவோம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், புதுக்கோட்டை ஞானாலயா நூலகம் ஆகியவற்றில் உங்கள் துறைக்கு என்ன இருக்கிறது என்பதையும் முதல் ஆண்டிலேயே ஒரு முறை சென்று பார்த்துவிடுங்கள். அங்கே பணிபுரிவோரிடம் உங்கள் வினாவை விளக்கிச் சொல்லுங்கள். அட்டவணையில் இல்லாத செய்தி அவர்களிடமிருந்து வரும்.

படி 7: படிப்பதும் குறிப்பெடுப்பதும்

நான் செய்த பெரும்பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் அரசாணைகளை நகலெடுத்தபோது அரசாணை எண்ணையும் துறையையும் நாளையும் ஒவ்வொரு தாளிலும் எழுதவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் எழுதினேன். தாள்கள் கலந்துவிட்டன. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அடிக்குறிப்பு எழுதும்போது, பதினோரு ஆவணங்களின் எண்ணைக் கண்டுபிடிக்க மீண்டும் மூன்று வாரங்கள் காப்பகத்தில் உட்கார வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி: எடுத்த இடத்தை எழுதாமல் ஒரு வரியைக்கூடக் குறிக்காதீர்கள்.

ஒவ்வொரு நூலுக்கும் கட்டுரைக்கும் ஒரு பக்கக் குறிப்பு போதும். அதில் ஆசிரியர் எந்த வினாவைக் கேட்கிறார், எந்தச் சான்றைக் கொண்டு விடை சொல்கிறார், அந்த விடையில் எனக்கு ஐயம் எங்கே எழுகிறது என்ற மூன்றும் இருக்க வேண்டும். மேற்கோளை எடுத்தால் மேற்கோள் குறிக்குள் பக்க எண்ணோடு எழுதுங்கள். உங்கள் சொந்தச் சொற்களை வேறு நிற மையில் எழுதுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து எது நம் வாக்கியம், எது பிறர் வாக்கியம் என்று நினைவிருக்காது. கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டில் சிக்கும் நேர்மையான மாணவர்கள் பெரும்பாலும் இந்த மறதியால்தான் சிக்குகிறார்கள்.

நூற்பட்டியலுக்கு ஜோடெரோ என்ற இலவச மென்பொருளைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்துங்கள். தமிழில் ஆய்வேடு எழுதுவோர் முதல் நாளிலிருந்தே ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகள் தேடலுக்கும் அகப்படுவதில்லை. அவற்றை மாற்றும்போது எழுத்துகள் சிதைவதும் உண்டு. ஆங்கில இதழ்களுக்கு, 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின் வழியே ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்குக் கிடைக்கின்றன. உங்கள் நூலகரிடம் நுழைவு முறையைக் கேளுங்கள்.

குறிப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. என்னோடு ஆய்வு செய்த தோழி ஒருவர் இரண்டு ஆண்டுகள் களத்தில் எழுதிய குறிப்பேடுகள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் போயின. அவர் நேர்கண்ட முதியவர்களில் மூவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். குறிப்பேட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்க ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

களத்தில் மனிதரைச் சந்தித்து ஆய்வு செய்வோர், உங்கள் நிறுவனத்தின் அறநெறிக் குழுவிடம் ஒப்புதல் தேவையா என்பதை முதல் பருவத்திலேயே கேட்டுவிடுங்கள். பேட்டி எடுத்த பின் பெறும் ஒப்புதலுக்குப் பயன் இல்லை.

படி 8: நெறியாளரோடு வேலை செய்வது

தமிழ்நாட்டில் நெறியாளரை ஐயா, அம்மா, சார், மேடம் என்று அழைத்து, எழுந்து நின்று பேசிப் பழகியவர்கள் நாம். அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் மரியாதையின் பெயரால் ஐயத்தைக் கேட்காமல் இருப்பது ஆய்வுக்குப் பகை. "ஐயா, நீங்கள் சொன்ன கருத்தை ஒட்டிப் பார்த்தேன், இந்த ஆவணம் வேறு மாதிரி சொல்கிறது, ஒரு முறை பார்க்கிறீர்களா?" என்று சான்றை மேசைமேல் வைத்துக் கேட்கலாம். சான்றை முன்வைத்துப் பேசும் மாணவரை நல்ல நெறியாளர் விரும்பவே செய்வார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பு என்று சேர்ந்த முதல் மாதத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், இரண்டு பக்கமாவது எழுதி, முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, பேசியவற்றையும் அடுத்து செய்ய வேண்டியவற்றையும் ஐந்து வரிகளில் எழுதி மின்னஞ்சலில் அவருக்கு அனுப்புங்கள். ஓராண்டு கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சு எழாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உறவு கெட்டுப்போனால், முதலில், உங்கள் முன்னேற்றத்தைப் பருவந்தோறும் கேட்டறியும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் மற்றோர் உறுப்பினரிடமும் பின்னர் துறைத்தலைவரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். பாலியல் தொல்லை என்றால் தயங்கவே வேண்டாம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்ற வரம்பை மட்டும் நினைவில் வையுங்கள். பட்டம் போய்விடும் என்ற அச்சத்தில் மௌனமாக இருந்தவர்களின் வேதனையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். புகாரைத் தனியாகச் சுமக்காமல் நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

படி 9: கட்டுரை வெளியிடும் அவசரமும் ஒப்புமைச் சோதனையும்

2022 விதிகளில், ஆய்வேடு அளிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற பழைய கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தம் விதியில் அதை வைத்திருக்கின்றன, சரிபார்த்துக்கொள்ளுங்கள். மானியக் குழு தான் பராமரித்துவந்த தரமான இதழ்ப் பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டதால், இதழின் தரத்தை நாமேதான் மதிப்பிட வேண்டியிருக்கிறது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளைப் புறந்தள்ளுங்கள். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் அறிஞர்கள் எந்த இதழில் எழுதுகிறார்களோ அங்கே அனுப்புங்கள். மறுத்தாலும் மதிப்பீட்டாளர் எழுதும் குறிப்பு பயன்படும்.

ஒப்புமை என்பது உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற அளவு; அதைப் பற்றி மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் தெளிவாக இருக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. 60க்கு மேல் என்றால் பதிவே நீக்கம். தமிழ் ஆய்வேடுகளில் ஒப்புமையை மென்பொருள் முழுமையாகக் கண்டுபிடிப்பதில்லை என்பதைச் சிலர் வாய்ப்பாகக் கருதுகிறார்கள். உங்கள் ஆய்வேடு ஷோத்கங்காவில் எல்லாருக்கும் திறந்து கிடக்கப் போகிறது. மூல ஆசிரியரின் மாணவர் ஒருவர் அதைப் படிக்கும் நாள் வரும்.

படி 10: தனிமை

முதல் ஆண்டின் நான்காம், ஐந்தாம் மாதத்தில் பெரும்பாலோருக்கு ஒரு சோர்வு வரும். உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குவார்கள், உறவினர் திருமணத்தில் "இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?" என்பார்கள், நாமோ எதையும் எழுதியிருக்க மாட்டோம். இந்தக் காலம் எல்லாருக்கும் வருவது என்று அறிந்திருப்பதே பாதி ஆறுதல். துறைக்குள் மூன்று, நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒரு மாலை, எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். எங்கள் குழு விடுதி மொட்டைமாடியில் கூடியது. வேறு துறையினரும் இருந்ததால், என் வினாவை வரலாறு படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்லப் பழகினேன். தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், அது ஆய்வின் சிக்கலாக மட்டும் இருக்காது, மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

படி 11: ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வுத் திட்டத்தை வைப்பது

பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தோன்றி முன்னேற்றத்தை விளக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இதை டாக்டோரல் கமிட்டி என்றே சொல்கிறார்கள். பாடநெறி முடிந்தபின் வரும் கூட்டத்தில்தான் ஆய்வுத் திட்டமும் தலைப்பும் இறுதியாகும். முதல் ஆண்டின் உழைப்பெல்லாம் வந்து சேரும் இடம் அது.

பதினைந்து பக்கத் திட்டம் போதும். முதல் பக்கத்தில் வினா, அடுத்து முன்னாய்வுகள் எங்கே நிற்கின்றன என்ற விளக்கம், பின்னர் சான்றுகளின் பட்டியல், அவை இருக்கும் இடத்தோடும் நீங்கள் பார்த்துவிட்டீர்களா என்ற குறிப்போடும், இயல் பகுப்பு, கால அட்டவணை. கால அட்டவணையில் மழைக்காலத்தையும் தேர்தல் காலத்தையும் கணக்கில் எடுங்கள். அந்நாட்களில் களப்பணியும் வட்டாட்சியர் அலுவலக வேலையும் நடக்காது. எழுதுவதற்கு ஓராண்டை முழுதாக ஒதுக்குங்கள்.

குழுவினர் வினாவைக் குறுக்கச் சொல்வார்கள். என்னிடம் இரண்டு மாவட்டங்களை விட்டுவிட்டு ஒரே கால்வாய் வரிசையில் அமைந்த கண்மாய்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அன்று இரவு உறக்கமில்லாமல் வருந்தினேன். மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வழியும் நீர்தான் கீழ்க்கண்மாய்க்கு வரும் என்பதால், ஒரு வரிசையை முழுமையாகப் பார்த்தபோதுதான் ஊர்களுக்கு இடையிலான பூசலும் உடன்பாடும் கண்ணில் பட்டன. இரண்டு மாவட்டங்களையும் அள்ளியிருந்தால் அவற்றைத் தவறவிட்டிருப்பேன்.

கூட்டம் முடிந்ததும் குழுவின் கருத்துகளை அன்றே எழுதி, நெறியாளரிடம் காட்டி, திருத்திய திட்டத்தில் அனைவரின் கையெழுத்தையும் பெற்று, ஒரு படியை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எந்த இயலுக்குச் சான்றுகள் மிகுதியாகக் கையில் இருக்கின்றனவோ, அந்த இயலிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அது மூன்றாம் இயலாக இருந்தாலும் பரவாயில்லை. முன்னுரையைக் கடைசியில் எழுதலாம்.